ஐந்து யார் வாய்க்கால்

1. மாரி மழை தொடங்கிய எட்டாம் நாள் பாதை நின்றது.
2. பதினோராம் நாள் விடியச் சுபஹுத் தொழுகை நேரத்தில் உம்மா மௌத்தானார்.
3. உம்மாவின் கபனுக்கென்று நான் வாங்கிய வெள்ளைத் துணி, பத்து யார் நீளம், களப்புக்கு அந்தப் பக்கம், நகரத்தில் என் அலுவலக மேசையின் இழுப்பு லாச்சிக்குள் இருந்தது. லாச்சியின் பூட்டுத் திறப்பு என்னிடம் இருந்தது.
4. பக்கத்து வீட்டுக் காக்கா அந்தத் திறப்பைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை.
5. நான் கீறிய படமொன்றைச் சுடுதண்ணீரில் போட்டேன்.
6. பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் உம்மாவைக் கொண்டுபோனார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் மூன்றாவது வரியில் ஒவ்வொரு முறையும் கை நின்றுவிடுகிறது. இறந்தவர் உடலை, மையித்தைப் பொதிகிற துணி ஏன் பூட்டிய லாச்சிக்குள் இருந்தது என்று சொல்லாவிட்டால் மற்ற ஐந்துக்கும் பொருளில்லை.

எங்கள் வீடு குறிஞ்சாக்கேணியில், கடலோடு சேரும் களப்பிலிருந்து நூறு அடி தள்ளி. நகரத்துக்குப் போக வேண்டுமென்றால் தண்ணீரைக் கடக்க வேண்டும். வாகனங்களையும் மனிதரையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் தட்டையான மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். வாப்பா என் ஏழு வயதில் மௌத்தானார். உம்மா ஒரு கைத்தையல் மெஷினை வைத்து என்னைப் படிப்பித்தார். நான் ஒரு வருடம் படம் கீறப் பழகி, நீர்ப்பாசன வேலைகளுக்குப் படம் கீறும் அலுவலகமொன்றில் சேர்ந்தேன். கிழமை நாட்களில் நகரத்தில் சின்னம்மா முறைச் சாச்சி வீட்டில் தங்குவேன். வெள்ளி பின்னேரம் பஸ்ஸிலும் பாதையிலுமாக வீட்டுக்கு வருவேன்.

உம்மாவுக்குச் சொந்தமென்று சொல்ல மூன்று பொருட்கள் இருந்தன: தையல் மெஷின், ஒரு அலுமாரி, அந்த அலுமாரியின் அடித்தட்டில் ஒரு கபன் துணி. ஹஜ்ஜுக்குப் போன உறவினர் ஒருவர் மக்காவிலிருந்து கொண்டுவந்தது. ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தது. நோன்புக்கு முந்திய மாதம் உம்மா அதை வெளியே எடுத்து வெயிலில் போட்டு, தட்டி, கற்பூரத் துண்டு வைத்து மடிப்பார். பெண்ணுக்கு ஐந்து துண்டு வேண்டும்: இடுப்புத் துணி, சட்டை, தலைமூடி, போர்வை இரண்டு. சின்ன வயதில் அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். உம்மாவோ பெருநாள் உடுப்பு மாதிரி அதை நீவி விடுவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எல்லாமே தட்டுப்பாடு. பாணுக்கு வரிசை, சீனிக்கு வரிசை, துணிக்குக் கூப்பன். கூட்டுறவுச் சங்கக்கடைக்கு எப்போது வெள்ளைத் துணி வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது. நாங்கள் மரவள்ளிக் கிழங்கு தின்றோம். அரிசி கிடைக்கும் நாளில் உம்மா ஒரு பிடி எடுத்து வேறாக வைப்பார், கேட்டு வருபவருக்கு.

“அப்ப நாளைக்கு எங்களுக்கு?”

“நாளைக்குத் தின்ன வேண்டிய இரணம் நாளைக்கு வரும் மகள். இண்டைக்கே அதைப் புடிச்சு அடைச்சு வைக்க ஏலுமா?”

நான் அளந்து பார்த்துப் பழகியவள். எனக்கு அது பதிலாகவே படாது.

அந்த நாட்களில் அலுவலகத்தில் முக்கியமான படங்களைக் கடதாசியில் அல்ல, டிரேசிங் துணியில் கீறுவோம். நல்ல பருத்தித் துணிக்கு மாப்பசை ஏற்றி, மெருகிட்டு, கடதாசி போல விறைப்பாக்கியது. வெளிர்நீலமாக இருக்கும். சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினால் பசை கரையும், மையும் அதோடு கழன்று போகும். மிஞ்சுவது மெத்தென்ற வெள்ளைத் துணி. இரத்துச் செய்த படங்களை எங்கள் பெரிய வரைஞர் எனக்குத் தருவார்.

“எடுத்துக்கொண்டு போங்கோ தங்கச்சி. பூச்சி தின்னிறதை விட உங்கட அம்மா தைக்கட்டும்.”

உம்மா தைத்தார். அந்த இரண்டு வருடத்தில் எங்கள் ஒழுங்கையில் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் குளக்கட்டிலும் மதகிலும் தைத்த சட்டைதான் போட்டார்கள். ஒன்றையாவது எங்கள் தலையணைக்கு வையுங்கள் என்று நான் சொன்னால், “தலையணை குளிரெண்டு அழுகுதா?” என்று கேட்பார்.

ஒரேயொரு படத்தை மட்டும் அவர் கழுவவில்லை. அது நான் முதன்முதலாகத் தனியே கீறியது, ஒரு வாய்க்காலின் நீளவெட்டுப் படம். நடுவில் ஒரு மட்டத்தைத் தவறாக எழுதி, அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அந்தப் பிழையின் மேலேயே கீறியிருந்தேன். என் படத்தின்படி அந்த வாய்க்காலில் தண்ணீர் மேட்டில் ஏற வேண்டும். பெரிய வரைஞர் சிரித்துவிட்டுக் குறுக்கே ஒரு கோடு போட்டார். நான் வெட்கத்தோடு சுருட்டிக் கொண்டுவந்து உம்மாவிடம் கழுவச் சொன்னேன்.

“இதில உன்ட கையெழுத்து இரிக்கு. எனக்கு ஏலா.”

“எல்லாம் பிழை உம்மா.”

“எனக்கு வாசிக்கத் தெரிஞ்சாத்தானே பிழை.”

சுருள் அலுமாரியின் மேலே ஏறியது. ஆட்கள் வந்தால் இறங்கும். வேலிக்கு அந்தப் பக்கத்து மதினிக்கும் உம்மாவுக்கும் பதினொரு வருடச் சண்டை. மதினியின் ஆடு எங்கள் கத்தரியைத் தின்னும். சண்டை என்றாலும் படம் பார்க்க மதினியும் வேலிக்கு மேலால் எட்டுவார்.

“எங்க ராத்தா, இந்த வாய்க்காலில எப்ப தண்ணி உடுவாங்க? எங்கட வளவுக்கும் ஒரு கிளை கீறச் சொல்லுங்களன்.”

“முதல்ல உன்ட ஆட்டைக் கட்டு. அது தின்ட கத்தரிக்கு நான் ஒரு குளமே கட்டியிருப்பன்.”

அந்த மதினி நாலாவது பிள்ளைப்பேற்றில் மௌத்தானார். பிள்ளையும் தங்கவில்லை. அவருடைய கணவர், களப்பில் மீன் பிடிப்பவர், அண்ணன் முறையில் நான் காக்கா என்று கூப்பிடுபவர், சங்கக்கடைக்கு ஓடினார். வெள்ளைத் துணி இல்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தபோது அடித்தட்டு வெறுமையாக இருந்தது. கற்பூர வாசம் மட்டும் இருந்தது.

“எங்க உம்மா கபன்?”

“அவளுக்குக் குடுத்திட்டன்.”

“பதினொரு வருசம் சண்டை புடிச்ச ஆளுக்கா?”

“சண்டை ஆட்டோட. அவள் வெறும் பாயில கிடந்தாள் மகள்.”

“அப்ப உங்களுக்கு? உங்களுக்கு வேணுமெண்டுற அண்டைக்கு அல்லாஹ் புடவைக்கடை திறந்து வச்சிருப்பானா?”

சொன்ன பிறகு எனக்கே உடம்பு கூசியது. உம்மா கோபிக்கவில்லை. வெறும் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அவன் ஆரையும் வெறும் மேலோட, துணியில்லாம, விடமாட்டான்.”

அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை. நான் மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாக ஒரு திட்டம் போட்டேன். என் கூப்பனுக்கும் சாச்சியின் கூப்பனுக்கும் நகரத்துச் சங்கக்கடையில் கிடைத்த வெள்ளைத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, எட்டு மாதத்தில் பத்து யார் சேர்த்தேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் அடுத்த மையித்துக்குப் போய்விடும். அதனால் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். உம்மாவிடம் சொல்லவில்லை. உம்மாவின் நம்பிக்கை கைவிடும் நாளில் நான் கைவிடமாட்டேன் என்று நினைத்தேன்.

அந்த மாரியில் கடைசி ஓட்டப் பாதையில்தான் நான் வீட்டுக்கு வந்தேன். நான் இறங்கிய பிறகு அதைக் கரையில் கட்டிவிட்டார்கள். உம்மாவுக்கு மூச்சு இழுப்பு. காய்ச்சலும் இருந்தது. மருந்து கொடுப்பவர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து பார்த்துவிட்டு மருந்து தந்தார். மூன்று நாளும் நான் கணக்குப் பார்த்தேன்: இன்னும் எத்தனை வேளை மருந்து, எத்தனை காய்ந்த விறகு, எத்தனை சுண்டு அரிசி. உம்மா இரண்டு முறை கேட்டார்.

“பாதை ஓடுதா மகள்?”

“இல்ல உம்மா.”

“அப்ப உனக்குப் போக ஏலாது.”

அதைச் சொல்லும்போது அவர் முகம் தெளிந்தது. பாதை நின்றது அவருக்குக் கிடைத்த கொடையாக இருந்தது. நான் அப்போது வேறு எதையோ எண்ணிக்கொண்டிருந்தேன்.

மௌத்தான அன்று காலை, குளிப்பாட்ட வந்த பெரியும்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “கபன் எங்க புள்ள?” நான் லாச்சியைப் பற்றிச் சொன்னேன். எங்கள் பக்கத்துச் சங்கக்கடையில் துணி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஒழுங்கையில் பாதி வீடுகளுக்குள் தண்ணீர்.

வாசலில் நின்ற காக்காவின் காதில் அது விழுந்திருக்க வேண்டும்.

“திறப்பைத் தாங்க தங்கச்சி. தோணியில போய் பகல் லுஹருக்குள்ள வந்திருவன்.”

வாசலிலிருந்து பார்த்தால் களப்பு தெரியும். மண்ணிறத் தண்ணீர். வேரோடு வந்த மரங்கள் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அவருக்குப் பின்னால் அவருடைய மூன்று பிள்ளைகளும் ஒரே சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

“உங்களுக்கு ஏதும் நடந்தா?”

“ராத்தா என்ட மனிசிக்கு யோசிச்சா தந்தவ?”

திறப்பு என் கைக்குள் இருந்தது. கொடுத்தால் ஐந்து துண்டும் வரலாம். எட்டு மாதமாக நான் சேர்த்தது இந்த ஒரு நாளுக்காகத்தான். அந்தப் பிள்ளைகளுக்கு உம்மா ஏற்கனவே இல்லை.

“ஏலாது காக்கா. நீங்க போகப்படாது.”

“அப்ப கபன்?”

“இரிக்கு.”

அதைச் சொன்ன பிறகுதான் நான் அலுமாரியின் மேலே பார்த்தேன்.

ஐந்து யார் நீளம், நாற்பது அங்குல அகலம். இரண்டாக வெட்டினால் இரண்டரை யார். ஒன்றின்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி விரித்தால் தையலில்லாமல் ஒரு போர்வைக்குக் காணும். உம்மா ஐந்தடிக்கும் குறைவு. குசினியில் பெரிய பானையில் தண்ணீர் கொதித்தது. சுருளைப் போட்டு, சவர்க்காரம் தேய்த்துக் கசக்கினேன். முதலில் குறுக்குக் கோடு போனது. பிறகு மட்டங்கள், பிழையானதும் சரியானதும். பிறகு மூலையில் இருந்த என் கையெழுத்து. தண்ணீர் கறுத்தது. உம்மா கழுவ மாட்டேன் என்று வைத்திருந்ததை நான் அவருக்காகவே கழுவினேன்.

மழையில் காயப்போட இடமில்லை. இஸ்திரிப்பெட்டியில் சிரட்டைக்கரி போட்டு, ஈரத்தோடு தேய்த்தேன். ஆவி முகத்தில் அடித்தது. அழுகிறேனா என்று யாருக்கும் தெரிந்திருக்காது. உம்மாவிடம் இருந்த இரண்டு வெள்ளைப் புடவைகளும் நைந்து ஒட்டுப்போட்டவை. அவற்றில் நல்ல பாகமாகப் பார்த்து இடுப்புத் துணியும் தலைமூடியும் எடுத்தோம். போர்வையை விரித்ததும் பெரியும்மா குனிந்து பார்த்தார்.

“இது என்ன, ரத்தக் கறையா?”

“இல்ல. வாய்க்கால்.”

சிவப்பு மையில் கீறிய அடிமட்டக் கோடு முழுதாகப் போகவில்லை. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இளஞ்சிவப்பாக ஓடியது. “பரவாயில்ல, உள்பக்கம் வைப்பம்” என்றார் பெரியும்மா. அந்தக் கோடு உம்மாவின் மேலோடு பட்டுக்கொண்டு போனது.

பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. அடக்கம் முடிந்து வந்த காக்கா வாசலில் நின்று, நான் கேட்காமலே சொன்னார்: “குழி நல்லாக் காஞ்சு கிடந்துது தங்கச்சி.” அந்த மணலில், பதினொரு நாள் மழைக்குப் பிறகு, எத்தனை அடியில் தண்ணீர் நிற்கும் என்று கணக்கிடுவது என் தொழில். “ஓம் காக்கா” என்றேன்.

“பாத்தியா புள்ள, அல்லாஹ் கைவிடல்ல” என்றார் பெரியும்மா போகும்போது. எனக்கு அப்படி இலகுவாகச் சொல்ல வரவில்லை. ஐந்து துண்டில் மூன்றுதான் கிடைத்தது. போர்வை என் பிழையால் வந்தது. நான் கவனமாகச் சேர்த்த துணியில் ஒரு நூலும் உதவவில்லை. ஆனால் உம்மா சொன்னபடி வெறும் மேலோடு போகவில்லை, அதுவும் உண்மை. அவரிடம் இதைச் சொல்லி, அன்றைக்குப் புடவைக்கடை என்று நான் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் வழியில்லை. பாதை நின்ற மூன்று நாளும் அவர் பக்கத்திலேயே இருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். விறகை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் கழித்துப் பாதை ஓடியது. நான் வேலைக்குப் போய் லாச்சியைத் திறந்தேன். துணி வைத்தபடியே இருந்தது.

இப்போது அது வீட்டில், அலுமாரியின் அடித்தட்டில் இருக்கிறது. பத்து யார். நோன்புக்கு முந்திய மாதம் வெயிலில் போட்டு எடுக்கிறேன். ஐந்து வேளையும் தொழுகிறேன். கையேந்தி எதையும் கேட்க இன்னும் வாய் வரவில்லை. அலுமாரியைப் பூட்டுவதில்லை. அங்கே துணி இருப்பதும், கேட்டால் கொடுப்பேன் என்பதும் ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும். இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.