மரச்சீனித் தோட்டத்தில் என் பசு

வேலித் தகராறில் பக்கத்து வீட்டு ரோசம்மாளும் நானும் பேச்சை நிறுத்தியிருந்தோம். அன்று என் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு அவள் மரச்சீனித் தோட்டத்துக்குள், மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே, புகுந்துவிட்டது. அவள் கத்துவது கேட்டதும் சண்டைக்குத் தயாராகவே ஓடினேன்.

“ஏட்டி, ஓடி வா! ஒனக்க பசு மரச்சீனி எலைய நெறைய தின்னுட்டு. வெசம்லா!”

வாயில் நுரை தள்ளிய பசு தடுமாறி விழுந்தது. அதற்குள் ரோசம்மாள் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டிருந்தாள். அவர் வந்து ஊசி போடும்வரை பசுவின் தலையை மடியில் தாங்கியிருந்தாள். நான் தெருவுக்கும் தோட்டத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

ஒருவழியாகப் பசு எழுந்து நின்றது.

“ஒனக்க மரச்சீனி எல்லாம் போச்சே,” என்றேன்.

“தண்டுக் கம்ப ஒடிச்சு நட்டா பின்னயும் வரும், நீ போட்டி.”

அவள் பசு என் தோட்டத்தில் மேய்ந்திருந்தால் நான் முதலில் பசுவைப் பார்த்திருப்பேனா, பயிரையா? அதை நினைத்தால் இன்றும் மனம் நிலைகொள்வதில்லை.