சுங்கத்தில் தொலையாத ரேடியோ

குவைத்திலிருந்து திரும்பிய என் கணவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். கப்பலில் வந்த அவருடைய கார் கொச்சித் துறைமுகத்தில் கிடந்தது. கைக்குழந்தையோடு நானே போவதா என்று தவித்தேன்.

“பொம்பளைக்கு அங்க என்ன சோலி ஆத்தா? நான் வெரசா எடுத்தாறேன்” என்றார், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டும் என் ஒன்றுவிட்ட அண்ணன். சம்மதித்தேன்.

கார் வந்தது, அதிலிருந்த ரேடியோ இல்லை. “சுங்கத்துல புடுங்கிட்டாக” என்றார். ‘நீ போயிருக்கணும்’ என்று கணவர் என்னைத்தான் ஏசினார். உடைந்த குமிழுக்குச் சட்டைப் பொத்தான் ஒட்டி ஆசையாக வைத்திருந்த ரேடியோவாம்.

ஒருநாள் போடிமெட்டுக்குப் போக அண்ணனின் ஜீப்பை மறித்து ஏறினேன். அவர் அவசரமாக ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு துண்டைப் போட்டு மூடினார். மடியிலிருந்த குழந்தை அதை இழுத்தது. உள்ளே சட்டைப் பொத்தானோடு எங்கள் ரேடியோ!

“நிறுத்துங்கண்ணே. பின்னாடி இருக்கவுக முன்னாடியே கழட்டுங்க.”

“வீட்ல வச்சுப் பேசுவோம் ஆத்தா...”

“கொச்சியில கழட்டின கைதானே? கழட்டுங்க.”

ஜீப் நிறையத் தோட்டத்து ஆட்கள் சிரிக்க, வியர்த்தபடி கழற்றித் தந்தார்.

இப்போது எங்கள் ஊரில் யாருக்குக் கார் வந்தாலும், அண்ணன் போய் நிற்பதற்குள் நான் போய் இதைச் சொல்லிவிடுகிறேன். போதுமே என்று சில சமயம் தோன்றும். ஆனாலும் சொல்லாமல் திரும்பியதில்லை.