வைஃபை பட்டியலில் ஒரே ஒரு பெயர்

இதை நான் இட்டுக்கட்டவில்லை. நடந்தது எனக்கன்று, என் தம்பியின் மூத்த மகளுக்கு. ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பழுதுபார்ப்பது அவள் தொழில். கரப்பான்பூச்சியைக் கையால் பிடித்து வெளியே விடுகிறவள். கண்டதற்கெல்லாம் அலறுகிறவளும் அல்லள், கதை கட்டுகிறவளும் அல்லள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. அடுத்த மூன்று நாளும் அலுவலகத்துக்கு விடுமுறை. அவளுடைய தங்கைக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு. இரண்டு ஆண்டுகள் வேலையின்றி இருந்தவளுக்கு வந்த முதல் அழைப்பு அது. அன்று காலையில்தான் தங்கையின் மடிக்கணினியின்மேல் ஒரு செம்புத் தண்ணீர் கவிழ்ந்து, அது மூச்சை நிறுத்திக்கொண்டது.

மூத்தவள் மேலாளரிடம் சென்று, கழித்துக் கீழ்த்தள அறையில் போட்டிருந்த மடிக்கணினிகளுள் ஒன்றைக் கேட்டாள்.

“எதை வேணும்னாலும் எடுத்துக்கம்மா. உயிரோட இருக்கிறதா பாத்து எடு” என்று சிரித்தார் அவர்.

கீழே இறங்குமுன் கைப்பேசியில் தங்கையிடம் பேசினாள்.

“அக்கா, கிடைச்சிடுமா?”

“கிடைக்கும்டி. ஏழு மணிக்குள்ள கொண்டு வந்துடுவேன். நீ பேசிப் பழகு. கண்ணாடி முன்னாடி வேண்டாம், அம்மா முன்னாடி பேசு. கண்ணாடி குறுக்க பேசாது.”

கீழ்த்தளத்து அறைக்குச் சன்னல் கிடையாது. கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. கதவு இரும்பு, தானே சாத்திக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. உட்புறக் கைப்பிடி ஆடிக்கொண்டிருக்கும். ஆகையால், உடைந்த பிரிண்டர் ஒன்றைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே செல்வது அங்கே வழக்கம். அவளும் அவ்வாறே செய்தாள்.

அடுக்கில் பதினொரு மடிக்கணினிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றுக்கு உயிர் இருந்தது. புதிய மென்பொருளைத் தாங்கும் வலு அதற்கு இல்லை. ஆகவே பழைய கணினியிலும் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து ஏற்றினாள். முதல் முறை திரை கறுப்பாகவே நின்றது. தொடக்க வரியில் ஒரு சொல்லைச் சேர்த்து மீண்டும் முயன்றாள். வந்துவிட்டது. கேமரா வேலை செய்தது. மைக்கும் வேலை செய்தது.

வைஃபை மட்டும் வரவில்லை. ‘வைஃபை அடாப்டர் எதுவும் இல்லை’ என்றது திரை.

பழைய இயந்திரங்களில் லினக்ஸ் முதலில் தகராறு செய்யும் இடமே அதுதான். வைஃபையை இயக்கும் ‘டிரைவர்’ மென்பொருளின் கோளாறு என்று முடிவு கட்டினாள். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த டிரைவர்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். சோதிப்பதற்காகத் தன் கைப்பேசியையே வைஃபையாக்கும் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு வைத்தாள்.

மூன்றாவது டிரைவர். மாலை 5.10.

பட்டியல் திறந்தது. அவள் ஹாட்ஸ்பாட் அதில் இல்லை. வேறு ஒரே ஒரு பெயர் இருந்தது. சிக்னல் ஒரு கோடு.

‘யாராவது இருக்கீங்களா’

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் குடியிருப்பிலேயே ஒருவர் தம் வைஃபைக்குப் ‘பாஸ்வேர்ட் கேட்டா உதை’ என்று பெயரிட்டிருக்கிறார். இதுவும் அப்படி ஒரு குறும்பு என்று எண்ணினாள். வைஃபையை அணைத்து மறுபடி போட்டாள்.

மீண்டும் ஒரே பெயர். இப்போது இரண்டு கோடு.

‘கீழ இருக்கேன்’

கீழே இருப்பது இந்த ஓர் அறைதானே...

எழுந்து நின்று அடுக்குகளின் பின்னால் பார்த்தாள். தூசு. கம்பிச் சுருள்கள். வேறு எவரும் இல்லை. திரும்பி வந்தாள். மூன்று கோடு.

‘கதவு தொறக்கல’

அப்போது அவளுக்குப் பின்னால் ஓர் ஓசை கேட்டது.

சர்ர்ர்...

பிரிண்டர் தரையில் நகர்ந்தது. எவரும் அதைத் தொடவில்லை.

தட்.

கதவு சாத்திக்கொண்டது.

ஓடினாள். கைப்பிடியைப் பற்றி இழுத்தாள். அது கையோடு கழன்று வந்தது. கதவை இரண்டு கையாலும் தட்டினாள். “அண்ணா! காவலாளி அண்ணா!” என்று கத்தினாள். ஐந்து மணிக்குக் காவல் மாறிவிடும். புதிதாக வந்தவருக்கு அவள் கீழே இருப்பது தெரியாது. வீட்டிலிருந்து தேடிக்கொண்டு வருவார்கள். ‘எல்லாரும் போயாச்சு’ என்று அவர் சொல்லி அனுப்பிவிடுவார். மூன்று நாள். தண்ணீர் கிடையாது. காலை ஒன்பது மணிக்குத் தங்கை வெறும் மேசையின் முன்னே உட்கார்ந்திருப்பாள்.

மேசையில் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாள்.

பார்த்தாள்.

நான்கு கோடு. முழுச் சிக்னல். அது அவள் பக்கத்திலேயே இருந்தது.

‘நீங்களுமா’

அவள் அலறவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். நிற்கும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இந்தப் பெயர்கள் விளையாட்டுக்கு வைத்தவை அல்ல. சிக்னல் இல்லாத இடத்தில் ஒருவர் தம் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டுக்குப் பெயர் மாற்றி மாற்றி... கூப்பிட்டிருக்கிறார்.

அவளும் தன் ஹாட்ஸ்பாட்டின் பெயரை மாற்றினாள். ‘கீழ் அறையில் மாட்டிக்கிட்டேன்’.

பேட்டரி ஒன்பது விழுக்காடு.

ஐந்து.

இரண்டு.

6.05. கைப்பேசி அணைந்தது.

பட்டியலிலும் இப்போது பெயர் இல்லை. அறையில் ஓசை இல்லை. ஆனாலும் தனியாக இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை...

6.25.

வெளியே காலடி.

“உள்ள யாரு?”

“நான்தான் அண்ணா! கதவைத் திறங்க!”

கதவு திறந்தது. காவலாளி கைவிளக்கை அவள் முகத்தில் அடித்தார். பிறகு அவளைத் தாண்டி உள்ளே அடித்துத் தேடினார்.

“நீ மட்டுமாம்மா? இன்னொருத்தர் எங்க?”

“இன்னொருத்தரா? என் ஹாட்ஸ்பாட்டைப் பாத்துத்தானே வந்தீங்க?”

“உன்னோடது எதுவும் வரலியே. பாட்டு கேக்கலாம்னு வைஃபையைத் தேடினேன். இது வந்துச்சு. இப்பத்தான், ஆறு இருபதுக்கு. கீழ இறங்க இறங்கச் சிக்னல் ஏறிச்சு.”

தம் கைப்பேசியை நீட்டினார். பட்டியலில் ஒரே ஒரு பெயர்.

‘அந்த அக்காவையாவது வெளிய விடுங்க’

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவள் படியேறிய வேகத்தை, ‘வேலையில சேர்ந்த நாள்லருந்து நான் அப்படி ஓடினது இல்ல பெரியப்பா’ என்று பின்னர் என்னிடம் சொன்னாள்.

வீட்டில் அதன் வைஃபை வேலை செய்யவில்லை. மறுபடியும் ‘வைஃபை அடாப்டர் எதுவும் இல்லை’. இணையக் கம்பியை நேரே செருகினாள். ஒன்பது மணிக்குத் தங்கை பேசினாள். வேலையும் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை, கோளாறு என்னவென்று பார்க்க, அந்த மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றினாள். அதை அவள் முதலிலேயே செய்திருக்க வேண்டும். டிரைவர்தான் என்ற எண்ணத்தில் விட்டுவிட்டாள்.

சிக்னலைப் பிடிக்கும் அடாப்டர், அதாவது வைஃபை அட்டை, இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கறுப்பும் வெள்ளையுமான இரண்டு மெல்லிய கம்பிகளின் முனைகளை எவரோ டேப்பால் சுற்றி வைத்திருந்தார்கள். டேப் பழையது, பசை காய்ந்து உதிர்ந்தது.

காவலாளியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கீழே சென்று, மற்றப் பத்தையும் திறந்தாள். பத்திலும் அட்டை இல்லை.

மேலாளரிடம் கேட்டாள். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

“ஒம்பது வருஷம் ஆச்சும்மா. ஏசி பழுது பாக்க வந்த ஆளு, அந்த ரூம்ல மாட்டிக்கிட்டாரு. அன்னைக்கும் இதே மாதிரி தொடர்ந்து லீவு. போன்ல பேரை மாத்தி மாத்தி வெச்சிருக்காரு. பாக்க மேல ஒருத்தரும் இல்ல. லீவு முடிஞ்சுதான் கதவைத் திறந்தோம்.”

“அதுக்கு ஏன் சார் எல்லாத்துலயும் கார்டைக் கழட்டினீங்க?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஆளை வெளிய எடுத்த அப்புறமும்... பேரு வந்துக்கிட்டே இருந்துச்சும்மா.”