தூணுக்கு அளவாக நின்றவர்

கல்யாணப் படம் எடுத்துத்தான் ராமநாதபுரத்தில் பிழைக்கிறேன். ஆனால் எனக்குப் பைத்தியம் எல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தைய கட்டடப் படங்கள் மேல். அவற்றில் ஒரு கோடுகூடச் சாய்ந்திருக்காது. ஒளி பதிய அப்போது நெடுநேரம் பிடித்ததால் தெருவில் நடந்தவர்கள் யாரும் படத்தில் விழவில்லை. உயரம் தெரிவதற்காக ஓர் ஆளை மட்டும் சுவரோரம் அசையாமல் நிறுத்தியிருப்பார்கள்.

அரண்மனைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய மாடிவீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். முகப்பில் ஆறு தூண்கள், மேலே வளைவுகள். அதை அந்தக் காலத்துப் படம் போலவே எடுக்க ஆசைப்பட்டேன். லென்ஸில் கறுப்புக் கண்ணாடி மாட்டி ஒரு நிமிஷம் திறந்து வைத்தால், போகிற வருகிற வண்டிகள் மறைந்துவிடும்.

எதிர்ப்பக்கம் கேமராவை நிறுத்திக்கொண்டிருந்தபோது அய்யா வந்தார்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் விவசாயம் அவருக்கு. ஆஸ்பத்திரிக்கு வந்தவர், என் ஸ்டுடியோவில் விசாரித்துக்கொண்டு என்னைத் தேடி வந்திருந்தார்.

“நல்ல நேரத்துல வந்தீங்கய்யா. அந்த மூணாவது தூண்கிட்ட நில்லுங்க.”

நின்றார். முதல் படத்தில் குறுக்கே ஒரு வேன் வந்து நின்றுவிட்டது. இரண்டாவதில் வெயில் மாறியது.

“ஏலே, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“இது முடியட்டும்யா. அசையாதீங்க.”

சற்று நேரத்தில் தூணில் சாய்ந்தார். “சாயாதீங்கய்யா, கோடு கெடுது” என்று கத்தினேன். சட்டென்று நிமிர்ந்துகொண்டார்.

நான்காவது படம் முடிந்ததும் கேமராவை மூலைக்கு நகர்த்தப் போனேன். “பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்” என்று குரல் கேட்டது. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையசைத்தேன்.

அதிலிருந்து பதினோராம் நாள் மிளகாய்க் கொல்லை வரப்பில் விழுந்தவர் எழவில்லை.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போனபின் அம்மா சொன்னாள்: “அன்னைக்கே மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டாகளாம். ஒங்கிட்டச் சொல்லத்தான் வந்தாராம். நீ வேலையா இருந்தியாம்.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஊரான் வீட்டுப் பெண்களை ஆயிரக்கணக்கில் படம் எடுத்தவனிடம் அப்பன் படம் ஒன்றுகூட இல்லை. அந்த நான்கையும் திறந்து பெரிதாக்கினேன். தூண்கள் ஆறும் ஊசிபோல் நின்றன. அய்யாவின் வேட்டியும் கால்களும்கூடத் தெரிந்தன. முகம் மட்டும் நான்கிலும் கலங்கிக் கிடந்தது. மூச்சு வாங்கியிருக்கிறார். கடைசியில் ஆதார் அட்டைப் படத்துக்குத்தான் மாலை போட்டோம்.

அந்த மாடிவீட்டை இடித்து அங்கே லாட்ஜ் கட்டியவர் வரவேற்பறையில் மாட்ட அதன் முகப்புப் படத்தைக் கேட்டார். “அற்புதம் தம்பி. தூணோரத்துல மங்கலா ஒரு ஆள் நிக்கிறான், அத மட்டும் எடுத்துருங்க.”

யாரோ ஒருவர் சுவரில் அய்யா முகமில்லாமல் தொங்குவதைவிட அழித்துவிடுவதே மேல் என்று அப்போது தோன்றியது. அழித்துக் கொடுத்தேன். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.