அரை விரல் அகலம்

பென்னலூர் தசரதன் மூணாங்கிளாஸுக்கு மேலே படித்ததில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தண்டலம் வரைக்கும் கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, அவருடைய மைக் செட்தான். சைக்கிள் கேரியரில் ஒற்றைக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு கிளம்பிய ஆள், யார் தயவும் இல்லாமல் எழுபத்து நாலாம் வருஷம் சொந்த வேனில் போனார். அதைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு அவருக்கு. இசைத்தட்டை வெயிலில் சாய்த்துப் பிடிப்பார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மினுங்கும் வெற்றுக் கோட்டைப் பார்ப்பார். கோட்டுக்குக் கோடு விரலால் அளந்து இத்தனை நிமிடம் என்பார். பிசகியதே இல்லை.

அந்த வருஷம் ஒரு தொழிற்சாலையில் ஹெர்மன் துரைக்கு வழியனுப்பு விழா. ஜெர்மன் இன்ஜினியர். மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தம்மா வாசித்துக்கொண்டிருந்த பியானோ இசையின் தட்டு ஒன்றைத் துரை கொண்டுவந்தார். அதை எழுதியவரை அவர் ஊரிலேயே பலருக்குத் தெரியாதாம். மூன்று பாகம். முதல் பாகமே ஒரு பக்கம் முழுக்க. மறுபக்கத்தில் இரண்டாவது அரை விரல் அகலம், மூன்றாவது மூன்று விரல். தலை பெருத்து இடுப்பு சிறுத்த ஆள் மாதிரி இருக்கிறதே என்று தசரதன் சிரித்தார். துரை கேட்டது அந்த நடுப்பாகம் மட்டும். அதை முழுசாகப் போட வேண்டும், அவ்வளவுதான்.

மேனேஜர் திருநாவுக்கரசுக்கு வேறு கவலை. மூன்றரைக்கு இரண்டாவது ஷிஃப்ட் ஆட்கள் லைனுக்குப் போயாக வேண்டும்.

"எத்தினி நிமிசம்பா ஓடும்?"

"நாலு நிமிசம் சார். அஞ்சாவது நிமிசம் ஓடிச்சின்னா இந்தத் தொழிலையே வுட்டுடறேன்."

எல்லார் காதிலும் விழும்படி மைக்கிலேயே சொன்னார்.

பியானோ தனியாக, மெதுவாகத் தொடங்கியது. துரை கண்ணை மூடிக்கொண்டார். மூன்று நிமிடம். நாலு. முள் பாதி தூரம்கூடப் போகவில்லை. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தசரதனைப் பார்த்தார். பின்வரிசையில் ஒருவன், "இன்னாண்ணே, கடைய எப்ப மூடப் போற?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். தசரதன் முள்ளருகே கையைக் கொண்டுபோனார். பியானோ ஒரு மூச்சு நின்றது. அந்த நொடியில் சத்தத்தைக் குறைத்து முள்ளைத் தூக்கிவிட்டார்.

"முடிஞ்சிச்சி சார்."

கைதட்டினார்கள். துரை கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தார், முள் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"சொன்னா சொன்னதுதான்யா தசரதன்," என்று மேனேஜர் முதுகில் தட்டினார். அந்த இடம் சுட்டது.

எல்லாரும் போன பிறகு துரை வந்தார். தட்டை உறையில் போட்டு, தசரதன் கையிலேயே திருப்பி வைத்தார்.

"வீட்ல கேளு. முழுசு," என்றார், தெரிந்த தமிழில். கோபமே இல்லை. கோபித்திருந்தால் தேவலை.

மறுநாள் மத்தியானம் வீட்டில் போட்டார். ஒன்பது நிமிடம். சத்தம் குறைவான இசைக்குக் கோடுகள் நெருக்கி நெருக்கி ஓடும். அகலம் கம்மி, நேரம் அதிகம். அடக்கி வாசிக்கிற இசையை அவர் அதுவரை அளந்ததே இல்லை. அவர் நிறுத்திய இடத்துக்கு அப்புறம்தான், தனியாக இருந்த பியானோவோடு வயலின்கள் ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன. கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி சுந்தராம்பாள் கையை நிறுத்திக் கேட்டாள்.

"இன்னாங்க, நேத்து இதத்தான் போட்டீங்களா? அந்த மனுசன் அழுதிருப்பாரே."

சட்டையை மாட்டிக்கொண்டு விருந்தினர் விடுதிக்குப் போனார். துரை விடியற்காலையிலேயே விமானத்துக்குக் கிளம்பிவிட்டதாக வாட்ச்மேன் சொன்னான்.

தொழிலை அவர் விடவில்லை. மைக்கில் சொன்ன அந்தப் பேச்சும் பொய்யாகவே நின்றது. தட்டை வெயிலில் பிடிப்பதை மட்டும் விட்டார். எத்தனை நிமிடம் என்று யாராவது கேட்டால், "போட்டாத்தான் தெரியும் சார்," என்பார், முகத்தைப் பார்க்காமல்.