கோட்டைக்குள் உடும்பு ஊர்வலம்

இன்றைக்கும் மீன் செதில் காயும் வாடை அடித்தால் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடுவேன். வயசாகி எதற்கெடுத்தாலும் மூக்கைப் பொத்துகிறவனாகிவிட்டேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஒரு நாள் உடும்பாக இருந்து பார்த்தால் அவர்களுக்கும் தெரியும்.

முதல் உலக யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். திருநெல்வேலிப் பக்கத்து நாடகக் கம்பெனி ஒன்றில் நான் வேஷக்காரன். ராஜபார்ட் போடுவதற்கான குரல் என்னிடம் இருந்தது. முகம்தான் இல்லை என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். முகம் தெரியாத வேஷமாக ஒன்று வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

கம்பெனிக்குப் பாட்டும் வசனமும் எழுதுகிற வாத்தியாருக்குப் புராணக் கதைகள் அலுத்துவிட்டன. எந்தப் பூகோளப் படத்திலும் இல்லாத ஒரு தேசத்தைக் கற்பனை செய்தார். அங்கே ஒரு பெரிய சதுப்பு. அதில் உடும்பர் என்றொரு கூட்டம். மனிதரைப் போல இரண்டு காலில் நடப்பார்கள். உடம்பெல்லாம் செதில், பின்னால் வால். மனிதரைக் கண்டாலே ஆகாது. அடுப்பு மூட்டத் தெரியாது. முட்டையை ஓட்டோடு விழுங்குவார்கள். தங்கள் கண்ணைத் தங்கள் நாக்காலேயே துடைத்துக்கொள்வார்கள். செத்தவனைப் புதைக்காமல் பங்கு போட்டுத் தின்பார்கள். கடைசிக் காட்சியில் இளவரசன் அத்தனை பேரையும் வெட்டிச் சாய்க்கும்போது கொட்டகை அதிரும். ஜனங்களுக்கு அருவருக்க ஒரு கூட்டத்தைக் காட்டினால் போதும், டிக்கெட் எடுக்கத் தயங்கமாட்டார்கள். வாத்தியார் அதை நன்றாகவே தெரிந்துவைத்திருந்தார்.

நான் உடும்பர் தலைவன். தலைவனுக்கு மட்டும் பாட்டும் பேச்சும் உண்டு. மற்றவர்களுக்கு ‘ஸ்ஸ்’ என்று சீறுவதுதான் பாஷை.

வேஷத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சாக்கைத் தைத்துச் சட்டையாக்கி, பச்சைச் சாயத்தில் முக்கி, அதன்மேல் விழிஞ்ஞம் கடற்கரையிலிருந்து கூடை கூடையாக வந்த பெரிய மீன் செதில்களைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். தலை, காகிதக் கூழில் செய்தது. வெயில் நாளில் அது வெறும் நாற்றம். வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்ததும் பசை புளித்துப் புழு வைத்தது. தலையை மாட்டினால் உள்ளே கரப்பான் பூச்சி காதோரம் ஊரும். கம்பெனி நடிகர்கள் இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, பட்டினி கிடந்தாலும் கிடப்போமே தவிர இதைத் தொடமாட்டோம் என்று மூட்டை கட்டத் தயாரானார்கள்.

அதனால்தான் திருவனந்தபுரத்தில் முகாம் போட்டபோது முதலாளி வெளி ஆட்களைத் தேடினார். நெய்யாற்றின்கரைக்குத் தெற்கேயிருந்து ஆறு பேரை ஒரு தரகன் கூட்டிவந்தான். வயலில் வேலை செய்கிறவர்கள். தமிழ் பேசினார்கள், ஆனால் பேசும்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டார்கள். நாலடி தள்ளியே நின்றார்கள். அவர்கள் தீண்டாத ஜாதி என்பது அந்த நிற்பிலேயே கண்ணுள்ளவனுக்குத் தெரியும். கோயிலைச் சுற்றிய கோட்டைக்குள், அக்கிரகாரத் தெருக்களில் அவர்கள் கால் வைத்தால் எலும்பு மிஞ்சாது. அண்ணாச்சி என்று கூப்பிடுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கடைசிவரை, எஜமான் என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘ஏமானே’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த ஆறு பேரில் மெலிந்த ஒருவன் எனக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவன். அடிக்கடி மூச்சிழுப்பு வரும் அவனுக்கு. அந்த நாறும் தலைக்குள் அவன் எப்படி மூச்சு விடப் போகிறான் என்று நான் முதலாளியிடம் கேட்டேன்.

“சீறணும்னுதானே கூட்டியாந்தோம்? இழுப்புக்காரன் நல்லாவே சீறுவான்” என்றார் முதலாளி.

நாடகம் தொடங்கும் அன்று பகலில் ஊர்வலம் போவது கம்பெனிகளின் வழக்கம். நோட்டீஸ் கட்டுகளோடு ஒரு மாட்டு வண்டி, முன்னால் பாண்டு, பக்கத்தில் வேஷக்காரர்கள். முன் வரிசை நாற்காலிக்கு டிக்கெட் எடுப்பவர்கள் கோட்டைக்குள் இருப்பதால் வண்டி கோட்டைக்குள்தான் போகும் என்றார் முதலாளி.

“இந்த ஆறு பேரையுமா?” என்றேன்.

“உடும்புக்கு ஏதுவே ஜாதி? தலையைக் கழட்டாத வரைக்கும் அவன் உடும்பு. வாயைத் தொறக்காத வரைக்கும் அவன் உடும்பு. ஒமக்கென்ன வே?” என்றார்.

தலையைக் கழற்றிவிடக் கூடாதே என்று கோணி ஊசியும் சணலும் எடுத்து, ஆறு பேருக்கும் தலையைச் சட்டைக் கழுத்தோடு வைத்துத் தைத்துவிட்டார். ஆடு மாட்டுக்குக்கூட அப்படிச் செய்யமாட்டார்கள். பாட வேண்டியவன் என்பதால் எனக்கு மட்டும் தைக்கவில்லை.

மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த நாள். ஈரம் ஆவியாகிச் சட்டைக்குள் வெந்தது. கோட்டை வாசலைத் தாண்டினோம். ஒரு அக்கிரகாரத் தெருவில் வண்டி நின்று பாண்டு முழங்கியது. எல்லா வாசலிலும் ஜனங்கள். குழந்தைகள் முதலில் அலறின, பிறகு ஒவ்வொன்றாக வந்து வாலைப் பிடித்து இழுத்தன. ஒரு மாமா தன் பேரனைத் தூக்கி, தொட்டுப் பார் தொட்டுப் பார் என்று என் செதிலைத் தடவ வைத்தார். அந்த நாற்றத்தை மூக்கைச் சுளித்துக்கொண்டே ரசித்தார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. புழுத்த சாக்கைத் தொட அவர்களுக்குக் கூச்சமே இல்லை.

என் பக்கத்தில் நின்றவன் சீறத் தொடங்கினான். முதலில் வேஷத்துக்குத்தான் சீறுகிறான் என்று நினைத்தேன். பிறகு அவன் கை என் வாலைப் பற்றி இழுத்தது. மூச்சு கிடைக்கவில்லை. பேசக் கூடாது என்பது உத்தரவு. பேசினால் என்ன ஆகும் என்பது முதலாளியைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே சீறினான். தண்ணீர் கேட்டுச் சீறினான், உயிருக்குச் சீறினான். ஜனங்கள் கைதட்டினார்கள். இன்னும், இன்னும் என்றார்கள். பாண்டுக்காரன் அதற்கேற்ப மேளத்தை ஏற்றினான். அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவில் ஒருவன் மூச்சுக்குத் தவிப்பதைக் கிட்டத்திலிருந்து கேட்டவனுக்குத்தான் தெரியும், மனிதர் சிரிப்பு எவ்வளவு ஆபாசமானது என்று.

ஒரு வீட்டு வாசலில் நின்ற மாமிக்கு மட்டும் ஏதோ பட்டிருக்கிறது.

“பாவமாக்கும்டீ, மூச்சு இரைக்கிறது பாரு. வெயில்ல நின்னு நின்னு தொண்டை வறண்டிருக்கும்” என்று மகளிடம் சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு செம்பில் ஜலம் கொண்டுவந்தாள். “இந்தா கொழந்தே, கையை ஏந்து, விடறேன்” என்றாள்.

நல்ல மனுஷி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தைத்த தலைக்குள் இருந்துகொண்டு எப்படிக் குடிப்பது? அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அந்தப் பெரிய காகிதத் தலை இடமும் வலமும் ஆடியதும் இன்னொரு சிரிப்பு. அடுத்த நொடி மண்ணில் விழுந்தான்.

என் தலையைக் கழற்றி எறிந்தேன். அவன் கழுத்துத் தையலில் பல்லை வைத்துச் சணலைக் கடித்தேன். புளித்த பசையும் செதிலும் வாய்க்குள் வந்தன. அறுத்து, தலையைப் பிடுங்கினேன். கருநீலம் பாய்ந்த முகம், வாயோரம் நுரை. ஒரு மூச்சு உள்ளே போனது. கண்ணைத் திறந்தான்.

“அய்யோ, என்னாச்சுடா கொழந்தே?” என்று மாமி செம்போடு குனிந்தாள்.

அவன் பேசாமல் கையை மட்டும் ஏந்தியிருந்தால் போதும். குடித்திருப்பான். அவன் முகத்தில் எந்த ஜாதியும் எழுதியிருக்கவில்லை. கம்பெனிக்காரன் என்று விட்டிருப்பார்கள். பிழைப்பதற்குச் சும்மா கிடந்தாலே போதுமாயிருந்தது. ஆனால் அந்தக் குரல் அத்தனை கிட்டத்தில் கேட்டதும், பாதி நினைவிலேயே, அவன் கை எழுந்து அவன் வாயைப் பொத்தியது. மூச்சுக்குத் தவித்த வாயை அவனே பொத்திக்கொண்டான். பொத்திக்கொண்டு, மல்லாந்த உடம்பைக் குதிகாலால் தள்ளித் தள்ளி, அந்த அம்மாளை விட்டுப் பின்னால் நகர்ந்தான். தன் ஜாதி விலக வேண்டிய தூரம் வரை விலகினான்.



“வாயைப் பொத்தறான் பாருங்கோ! பின்னாடி போறான் பாருங்கோ! இவன் யார்னு கேளுங்கோ!” என்று யாரோ கத்தினார்கள்.

செம்பு கீழே விழுந்து ஜலம் மண்ணில் ஓடியது. மாமி முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே ஓடினாள். வாலை இழுத்த குழந்தைகளை முதுகில் இரண்டு வைத்துத் தீட்டுக் கழிக்கக் குளத்துக்கு இழுத்துப் போனார்கள். பேரனைத் தொட வைத்த அந்த மாமாதான் முதல் கல்லை எடுத்தார். புழுவும் கரப்பானும் மீன் செதிலும் கொடுக்காத அருவருப்பை அந்த முகம் அவர்களுக்குக் கொடுத்தது. அதை என் கண்ணால் பார்த்தேன். காறித் துப்பத் தோன்றியது, துப்பினேன்.

மற்ற ஐந்து உடும்பர்களும் வாலைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். முதலாளி எந்தச் சந்தில் மறைந்தார் என்று தெரியாது. நான் அவனை வண்டியில் தூக்கிப் போட்டு, நோட்டீஸ் கட்டுகளை மேலே தள்ளி மூடினேன். வண்டிக்காரன் மாடுகளை அடித்த அடியில் கரமனை ஆறு வரும்வரை நிற்கவில்லை. முதுகில் எத்தனை கல் பட்டது என்று நான் பார்க்கவில்லை. கட்டுகளுக்கு அடியில் அந்தச் சீறல் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது; அது நின்றுவிடக் கூடாது என்பது மட்டுமே என் கவலை.

ஆற்றிலும் படித்துறைப் பக்கம் போக முடியவில்லை. கீழே, மாடு கழுவும் இடத்துக்கு இறக்கினேன். சாணி மிதந்த தண்ணீரில் முகத்தை வைத்து, செதில் சட்டையோடு குப்புறக் கிடந்து குடித்தான். நிறுத்தி மூச்சு வாங்கி, மறுபடி குடித்தான். கொஞ்சம் கொஞ்சமாக மார்பு சீரானது. பிழைத்துவிட்டான் என்று தெரிந்ததும் நானும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர்களைத் திட்டப் போகிறான், என்னைத் திட்டப் போகிறான், குறைந்தபட்சம் அழப் போகிறான் என்று காத்திருந்தேன்.

அவன் எழுந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்தினான்.

“ஏமானே, அந்த அம்மெ மேல நான் பட்டுரலியே? அவ்வோ நல்லவ்வோ. குடிக்க வெள்ளம் தர வந்தாவல்லா. பட்டிருந்தா பாவம், அவ்வோ இனி குளிச்சு நோம்பு இருக்கணுமே.”

“படல்ல” என்றேன்.

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவன் முகம் தெளிந்தது. நன்றியோடு சிரிக்கக்கூடச் செய்தான். நான் திரும்பி, அந்தச் சேற்றிலேயே வாந்தியெடுத்தேன்.