ஞானேஸ்வரி ரீச்சரின் உப்புத்தண்ணி

கொதித்தாறிய தண்ணீரில் உப்பைக் கரைத்து, ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நாக்கால் தொட்டுப் பார்க்கிறார் ஞானேஸ்வரி. கண்ணீரைவிடக் கரித்தால் இன்னும் தண்ணீர் சேர்க்கவேண்டும். சரியென்று பட்ட பிறகே மடியிலிருந்து சீனிப் பொட்டலம் வெளியே வரும். கடைகளில் சீனி இல்லாத மாதங்கள் இவை. அவர் சீனி போடாத வெறுந்தேநீர் குடிக்கத் தொடங்கி ஒரு வருடமாகிறது.

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவர். தொண்ணூற்றாறில் போரால் இடம்பெயர்ந்து அக்கராயன் என்ற ஊருக்கு வந்தார். இப்போது வாந்திபேதிக்காரரைக் கிடத்தும் கிடுகு வேய்ந்த கொட்டிலில் வேலை. சேலைன் போத்தல் வராத நாட்களில் அவரது கரைசல்தான் மருந்து. யார் என்ன கேட்டாலும் விளக்காமல் விடமாட்டார். "ரீச்சரிட்டை வயித்துக்குத்து எண்டு சொன்னாலும் கரும்பலகை வந்திடும்" என்பாள் தாதி நிறஞ்சனா.

முல்லைத்தீவுக் கடற்றொழிலாளி லோறன்ஸைக் கொண்டுவந்து கிடத்திய அன்று, ஜோசப்பின் என்கிற அவர் மனைவி, ரீச்சர் நீட்டிய தகரப் பேணியின் வாயைக் கையால் மூடினாள்.

"குடிக்கக் குடிக்கத்தானே போகுது ரீச்சர். வயித்தைக் காயப்போட்டா நிண்டிடும்."

"நிக்காது பிள்ளை. கிருமி விடுற நஞ்சு ஒரு நொதியம். குடற் கலத்துக்குள்ள பூந்து ஒரு புரதத்தில சின்ன ஒட்டொண்டு போட்டுவிடும். 'தண்ணியை விடு' எண்டு சொல்லுற புரதம் அது. சொல்லிப்போட்டு வாயை மூடவேணும். ஒட்டு விழுந்தா மூடத் தெரியாது, சொல்லிக்கொண்டே இருக்கும். நீ குடுக்காட்டியும் ரத்தத்தில இருந்து இழுத்து ஊத்தும்."

"அப்ப உங்கட தண்ணி மட்டும் எப்பிடி உள்ள போகும்?"

"உப்பும் சீனியும் சேர்ந்து போற வாசல் வேற. அதை நஞ்சு தொடாது. அதுகளுக்குப் பின்னால தண்ணியும் போயிடும்."

ஜோசப்பின் தலையாட்டினாள். ரீச்சர் அடுத்த பாய்க்கு நகர்ந்ததும் பேணியை மணலில் கவிழ்த்தாள். அவளது தாய் வயிற்றைக் காயப்போட்டே ஆறு பிள்ளைகளைக் காப்பாற்றியவள்.

மறுநாள் காலை லோறன்ஸின் பாயோரம் எறும்பு மொய்த்திருந்தது. சீனித்தண்ணி எங்கே போனதென்று ஞானேஸ்வரிக்கு விளங்கிவிட்டது. லோறன்ஸின் தலையைத் தன் மடியில் வைத்துக் கரண்டி கரண்டியாக ஊற்றினார். பாதி உள்ளே போயிற்று, பாதி கடைவாயால் வழிந்தது. மத்தியானத்துக்குள் லோறன்ஸ் முடிந்துபோனார்.

"நேற்றைக்கே குடுத்திருந்தா இருந்திருப்பாரோ ரீச்சர்?"

"தெரியாது பிள்ளை."

சொல்லும்போது அவர் ஜோசப்பினைப் பார்க்கவில்லை. இறந்தவரின் கடைவாயில் காய்ந்து வெளுத்திருந்த உப்பைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.